குருசிலிருந்து பதினோரு அடி

எனக்கு வயதாகிவிட்டது என்பதை முதலில் என் முழங்கால்கள் சொல்லின. பிறகுதான் மனைவி சொன்னாள். முப்பது வருஷத்துக்கு மேலாக அடுத்தவர் நிலத்தில் நடந்தே காலம் கழித்தவன் நான். சர்வேயர். பாதிக் காலம் சர்க்கார் சம்பளத்தில், மீதிக் காலம் தனியாக லைசென்ஸ் எடுத்து. எங்கள் குடும்பத்தில் மற்ற எல்லோரும் பாலக்காட்டு அங்காடியில் கடை வைத்தவர்கள். துணிக்கடை, அரிசிக்கடை, பாத்திரக்கடை. நான் இந்தத் தொழிலுக்குப் போனது அத்தாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "நெழல்ல உக்காந்து பொழைக்கத் தெரியாதவன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அவர் சொன்னது சரிதான் என்று இப்போது தோன்றுகிறது.

தொழிலில் நான் செய்த பிசகுகள் பல உண்டு. எல்லாச் சர்வேயருக்கும் உண்டு, ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஓரடி அரையடி இங்கே போகும், அங்கே வரும், வரப்புச் சண்டையாகும், பேசித் தீரும். அவற்றையெல்லாம் நான் மறந்துவிட்டேன். ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. அந்தப் பிசகு ஒரு கல்குருசிலிருந்து, அதாவது கல்லில் வெட்டிய ஒரு சிலுவையிலிருந்து, தொடங்கியது.

முதலமடைக்கு அப்பால், மாந்தோப்புகள் முடிகிற இடத்தில் ஒரு சின்ன மாதாகோயில் இருக்கிறது. எங்கள் பக்கம் அதைப் பள்ளி என்போம். நாங்கள் தொழும் இடத்துக்கும் அதே பெயர்தான், யாரும் குழம்பிக்கொள்வதில்லை. அந்தப் பள்ளிக்கு வயது அதிகமில்லை. கூரை பல தடவை மாறி, முகப்பு மாறி, இப்போது டைல்ஸும் போட்டுவிட்டார்கள். முற்றத்தில் நிற்கும் கல்குருசுக்குத்தான் வயது. கணவாய் வழியாகப் பொதிமாடு ஓட்டிப்போன கிறிஸ்தவ வியாபாரிகள், பறங்கிக் கப்பல் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் நட்டது என்று ஊரில் சொல்லுவார்கள். காலேஜிலிருந்து வந்த ஒருவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, மத்தியகாலத்துக் கல்தான், சந்தேகமில்லை என்றாராம். ஒன்றரை ஆள் உயரம். கருங்கல். அடியில் தாமரை இதழ் வெட்டிய சதுரமான பீடம், அதில் விளக்கு வைக்கச் சின்னச் சின்ன மாடங்கள். ஏதோ எழுத்து இருந்திருக்கிறது, எண்ணெயும் காலமும் அதைத் தின்றுவிட்டன.

அந்தக் குருசுக்கு எண்ணெய் ஊற்றுவது வேண்டுதல். குழந்தைக்கு வலிப்பு, மாட்டுக்கு மடிநோய், பிள்ளைக்கு வேலை, எதற்கும் ஒரு கிண்ணம் எண்ணெய். எந்தச் சாதி, எந்த மதம் என்று யாரும் பார்ப்பதில்லை. என் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தபோது எங்கள் வீட்டிலிருந்தும் ஒரு கிண்ணம் போயிற்று. அதை நேர்ச்சை என்பார்கள். நேர்ந்துகொண்டால் நேர்ந்தபடி செய்துவிட வேண்டும். அதில் கொஞ்சம்கூட மாற்றக் கூடாது என்பது ஊர் வழக்கம்.

ஒரு மாம்பழ சீசனில் அந்தப் பள்ளியின் அச்சன், பாதிரியாரை அப்படித்தான் கூப்பிடுவோம், எனக்கு ஆள் விட்டார். பள்ளிக்குக் கிழக்குப் பக்கம் சுற்றுச்சுவர் கட்ட வேண்டும், எல்லை அளந்து தர வேண்டும். கிழக்கே ஒரே ஒரு வீடுதான். அதில் ஒரு பெண் இருந்தாள், மாங்காய் ஷெட்டில் தரம் பிரிக்கிற வேலை. கணவர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர், வாளையார் பக்கம் ஒரு விபத்தில் இறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஒரு மகள், நர்ஸிங் படிப்புக்குப் போகிற வயது. பள்ளிக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே கிளுவை வேலி. அந்த வேலியை ஒட்டி வீட்டுக்காரர்களின் கிணறு, கிணற்றை ஒட்டி ஓட்டுச்சாய்ப்பு போட்ட அடுக்களை. சுவர் கட்ட அந்தப் பெண்ணும் சம்மதித்திருந்தாள். "பாய் அளந்து சொல்றதுதானுங்க கணக்கு" என்று சொல்லிவிட்டாளாம். என்னைப் பற்றி ஊரில் அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு ஒரு பகல் போதுமாயிருந்தது.

அளவு வேலை தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பழைய புலப்படம் என்று ஒன்று எங்களிடம் இருக்கும். ஒவ்வொரு நிலத்துக்கும் மூலைக்கு மூலை சர்வே கல் நட்டு, கல்லுக்குக் கல் எவ்வளவு தூரம் என்று குறித்த படம். எல்லை தெரிய வேண்டுமென்றால் இரண்டு கல்லையாவது கண்டுபிடித்து, இரண்டிலிருந்தும் அளந்து, கோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றிலிருந்து மட்டும் அளப்பது அளவே அல்ல. இதை எனக்குக் கீழே வேலை பார்த்த எல்லோரிடமும் நான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்.

அங்கே ரோட்டோரக் கல்லைத் தாரில் முழுக்கி ரோடு போட்டிருந்தார்கள். இன்னொன்றை டிராக்டர் பிடுங்கிவிட்டது. மூன்றாவது கல் தோப்புக்கு அந்தக் கடைசியில், இரண்டு வேலி தாண்டி, ஓடை தாண்டி, சருகுக்கு அடியில் எங்கேயோ இருக்க வேண்டும். அதைத் தேடிப் போக அரை நாள் ஆகும். வெயில் மண்டையைப் பிளந்தது. முழங்கால் இரண்டும் காலையிலேயே வீங்கியிருந்தன. புலப்படத்தைப் பார்த்தேன். அதில் அழகாக, சின்னதாக, குருசைக் குறித்திருந்தார்கள். குருசிலிருந்து கிழக்கு எல்லைக்கு இத்தனை லிங்க்ஸ் என்று, அந்தக் காலத்துச் சங்கிலி அளவில், எண்ணும் எழுதியிருந்தது. எனக்குப் போன உயிர் வந்தது.

வேலி நகரும், கல் நகராது. இது நான் சொல்லித் திரிந்த வாக்கு. அதுவும் இந்தக் கல் எத்தனையோ நூறு வருஷமாக நிற்கிற கல். இதைவிட உறுதியான புள்ளி எந்தச் சர்வேயருக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன். தோப்புக்குள் போகாமல் தப்பித்ததற்காக மனதுக்குள் அந்தக் குருசுக்கு ஒரு சலாம்கூடப் போட்டேன்.

டேப்பின் நுனியைப் பிடிக்கக் கப்பியார் வந்தார். கப்பியார் என்றால் மணி அடித்து, மெழுகுவத்தி ஏற்றி, அச்சனுக்குக் கூடமாட நிற்கிறவர். அறுபது வயதிருக்கும், தமிழ்க் குடும்பம், அப்பா காலத்திலிருந்து அந்தப் பள்ளிச் சேவகம்.

"எங்கீங்க புடிக்கறது, பாய்?"

"குருசோட அடிக்கல்லுல. நட்டநடுவுல. ஆடாமப் புடிங்க."

பிடித்தார். ஆடாமல்தான் பிடித்தார்.

அப்போது அந்தப் பெண் கேட்டுக்குள் வந்தாள். பள்ளியின் கேட்டு மேற்கு ஓரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி நாலு எட்டு வைத்து நின்றாள். குருசுக்கு இன்னும் தூரம் இருந்தது. அங்கேயே குனிந்து, ஒரு பித்தளைக் கிண்ணத்திலிருந்த எண்ணெயைத் தரையில் ஊற்றினாள். அந்த இடம் முழுக்கக் கறுத்திருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் ஊற்றுவாள் போல. நெற்றியில் குங்குமம் இருந்தது. இந்து வீட்டுப் பெண், உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசலோடு நின்றுகொள்கிறாள் என்று நானாகவே முடிவு கட்டினேன். முடிவு கட்டியதோடு விட்டேனா, பெருந்தன்மை வேறு காட்டினேன்.

"உள்ள வாங்க அம்மணி. குருசுகிட்டயே வந்து ஊத்துங்க. ஆரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"இல்லீங்க. இங்கயே ஊத்திக்கறனுங்க" என்றாள்.

பாவம் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் அங்கே ஊற்றுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. எனக்குத்தான் காரணம் தெரியுமே.

டேப்பை இழுத்துக்கொண்டு கிழக்கே போனேன். கிளுவை வேலி வந்தது, எண் முடியவில்லை. வேலியை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். துவைகல் வந்தது, கிணறு வந்தது, அடுக்களைச் சுவர் வந்தது, எண் இன்னும் முடியவில்லை. அடுக்களைக்குள் போக வேண்டியிருந்தது. அவள் எனக்கு முன்னால் ஓடிப்போய் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலையை இறக்கி ஓரமாக வைத்தாள். டேப் போக வழி விடுகிறாள். எனக்கு அது அப்போதே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் அளந்தேன். கடைசியில் அடுக்களையின் உள்சுவரில் போய் எண் முடிந்தது. சாக்பீஸால் கோடு போட்டேன். வேலிக்கும் என் கோட்டுக்கும் நடுவே பதினோரு அடி. கிணறும் அடுக்களையும் அந்தப் பதினோரு அடிக்குள் இருந்தன.

அச்சன் சங்கடப்பட்டார். கமிட்டிக்காரர்கள் சங்கடப்பட்ட மாதிரி தெரியவில்லை. அவள் சுவரிலிருந்த சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இந்த அடுக்களை அவரு கையால கட்டுனதுங்க. வேலியும் அவரு போட்டதுதான். அவரு தெரிஞ்சே பண்ணியிருப்பாருங்களா, பாய்?"

எனக்குத் தாகம். கால் வலி. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் வாயில் வருகிற வார்த்தைக்கு ஈவிரக்கம் இருக்காது.

"ஒரு அடி ரெண்டு அடினா தெரியாமப் பண்ணிட்டாருன்னு சொல்லலாம் அம்மணி. பதினோரு அடி. தெரியாம எப்படி?"

அவள் தலையை ஆட்டினாள். புரிந்துகொண்ட மாதிரி. மறுபடி உலையை அடுப்பில் ஏற்றினாள். நான் காகிதத்தில் படம் வரைந்து, கையெழுத்துப் போட்டு, பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த மழைக்காலத்துக்குள் சுவர் எழும்பிவிட்டது. அடுக்களையை இடித்தார்கள். அது இருந்த இடத்தில் இருசக்கர வண்டிகள் நிறுத்தத் தகரக் கொட்டகை போட்டார்கள். கிணறு சுவருக்குப் பள்ளிப் பக்கம் வந்துவிட்டது. வேண்டுமானால் வந்து இறைத்துக்கொள்ளலாம் என்று அச்சன் சொல்லியிருந்தார், ஆனால் அவள் வரவில்லை, தெருக்குழாயில் பிடித்துக்கொண்டாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது நான் வேறு யாருடைய நிலத்திலோ நின்றிருப்பேன்.

இரண்டு வருஷம் கழித்து அந்தக் கப்பியார் என்னைக் கூப்பிட்டார். அவருக்கும் அவர் தம்பிக்கும் பாகம் பிரிக்க வேண்டும், அவருடைய வீட்டு மனையை அளக்க வேண்டும். போனேன். டீ போடுகிறேன் என்று என்னைக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். சுவரில் அவருடைய கல்யாணப் படம் மாட்டியிருந்தது. பள்ளி முற்றத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்கிறார்கள். கப்பியாருக்கு அப்போது மீசை கறுகறுவென்று இருந்தது. அதைக் கிண்டல் பண்ணலாம் என்று எழுந்து கிட்டே போனேன். அவர்களுக்குப் பின்னால் கேட்டுத்தூண். கேட்டுத்தூணுக்குப் பக்கத்தில், நாலு எட்டு தூரத்தில், கல்குருசு.

நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். தாமரை இதழ், மாடம் எல்லாம் அதே குருசுதான். நிற்கிற இடம்தான் வேறு.

"இது எப்பங்க எடுத்தது?"

"என்ர கண்ணாலத்துக்கு எடுத்ததுங்க."

"குருசு இங்கயா இருந்துச்சு?"

"ஆமாங்க. அப்ப அங்கதான் இருந்துச்சு. அப்பறம் முகப்பு புதுசாக் கட்டுறப்ப, வாசலுக்கு நேரா இருந்தாத்தான் பாக்க நல்லாருக்கும்னு நகத்தி வெச்சாங்க. உருட்டுக்கட்டை வெச்சு நாங்கதான் தள்ளுனோம். ஒரு நாள் பூராப் புடிச்சுதுங்க. எங்கப்பா அன்னிக்கு அழுதுட்டாரு."

திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.

"அளக்கறப்ப நீங்கதானே அடிக்கல்லுல டேப்பப் புடிச்சீங்க."

"ஆமாங்க."

"அப்ப ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "குருசுல புடிங்கன்னு சொன்னீங்க, புடிச்சேன். குருசு எங்க இருந்துச்சுன்னு நீங்க கேக்கலீங்களே, பாய்."

அவர் மேல் கோபப்பட முயன்று பார்த்தேன். வரவில்லை. டீ வந்தது, குடித்தேன், ருசி தெரியவில்லை. குருசை நகர்த்தியது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை, அதனால் புலப்படமும் மாறவில்லை. அதில் குறித்த குருசு பழைய இடத்துக் குருசு. நான் அளந்தது புது இடத்திலிருந்து. குருசு கிழக்கே எவ்வளவு வந்ததோ அவ்வளவும் நான் அந்தப் பெண்ணின் நிலத்துக்குள் போயிருக்கிறேன். சின்ன வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும் கணக்கு.

"அந்தம்மா கேட்டுகிட்ட எண்ணெய் ஊத்துதே, அது அதுக்குத்தானா?" என்று கேட்டேன்.

"அதேதானுங்க. அந்தம்மா புள்ளைக்குச் சின்னதுல வலிப்பு. அப்பக் குருசு அந்த எடத்துல நின்னுச்சு. அங்க நேந்துக்கிட்டது, அங்கதான் ஊத்தணும். குருசு நகந்தா நேர்ச்சை நகருமுங்களா?" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "இப்பக் கொஞ்ச நாளா ரெண்டு கிண்ணம் ஊத்துதுங்க. ஏன்னு தெரியல."

மறுநாள் விடிந்ததும் நான் போயிருக்க வேண்டிய இடத்துக்குப் போனேன். இரண்டு வருஷம் தாமதமாக. இரண்டு வேலி தாண்டி, வறண்ட ஓடை தாண்டி, தோப்புக்குள் நடந்தேன். முழங்கால் அன்றைக்கும் வீங்கித்தான் இருந்தது, அதற்காக யார் மேலும் எரிந்துவிழத் தோன்றவில்லை. சருகைக் காலால் தள்ளித் தள்ளி, ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடி, அந்தச் சர்வே கல்லைக் கண்டுபிடித்தேன். அது பாட்டுக்குப் புதைத்த இடத்திலேயே இருந்தது. அதிலிருந்து அளந்து வந்தேன். கோடு எங்கே முடிந்தது என்றால், பிடுங்கிப்போட்ட கிளுவை வேலி எங்கே இருந்ததோ அங்கே. வேரின் கட்டைகள் இன்னும் மண்ணில் தெரிந்தன. அந்த மனுஷன் டேப்பும் இல்லாமல் புலப்படமும் இல்லாமல், யாரிடமோ கேட்டு, வேலியைச் சரியான இடத்தில்தான் போட்டிருக்கிறார்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். வயதானவன், பெயர் கெட்டுப்போகும், சுவர்தான் கட்டியாயிற்றே, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்றெல்லாம் மனம் சாக்குச் சொல்லியது. மனைவி மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பொண்ணு எங்க வெச்சு ஆக்குது?" எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷமாக அவள் எங்கே சமைக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அச்சனிடம் போய், என் அளவு தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கொடுத்தேன். கோட்டயம் பக்கத்துக்காரர், எங்களோடு பழகிப் பழகி ஒரு மாதிரி தமிழ் பேசுவார். காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"ராவுத்தரே, எனக்கு உங்கள விசுவாசம். பச்சே கமிட்டிக்கு ஒரு தெளிவு வேணும்." பச்சே என்றால் ஆனால்; தெளிவு என்று அவர் சொன்னது அத்தாட்சியை.

"கல்யாணப் படம் இருக்கு. தோப்புல கல்லு இருக்கு. இன்னொண்ணும் இருக்கு, அச்சனே. மம்முட்டி வேணும்."

கப்பியார் மம்முட்டி கொண்டுவந்தார். கேட்டுக்குப் பக்கத்தில், எண்ணெய் ஊற்றிக் கறுத்த இடத்தைக் கொஞ்சம் கொத்தச் சொன்னேன். ஒரு சாண் ஆழத்தில் மம்முட்டி கல்லில் முட்டியது. மண்ணை விலக்கிப் பார்த்தால், சதுரமாக அடுக்கிய பழைய அஸ்திவாரம். பீடத்தை மட்டும் பெயர்த்துக்கொண்டு போய் இதை அப்படியே மூடிவிட்டிருக்கிறார்கள். கல்லெல்லாம் எண்ணெயில் ஊறிப் பளபளவென்று இருந்தன. அச்சன் குனிந்து விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தார். பழைய எண்ணெய், புது எண்ணெய் இரண்டும் கலந்த வாசனை.

விரலை அங்கியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "அந்த ஸ்திரீயோட முகத்த நான் வெள்ளிக்கெழம தோறும் பாக்கறேன்" என்றார். அந்த வாரமே கமிட்டியைக் கூட்டினார். முணுமுணுத்தார்களாம். ஆனாலும் சுவரை இடித்துப் பழைய வேலிக் கோட்டில் கட்டுவது, கொட்டகையைப் பிரித்து அங்கே பள்ளிச் செலவில் அடுக்களை கட்டிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. அச்சன் எனக்குப் போன் பண்ணினார். "அவங்ககிட்ட நீங்களே பறயணும், ராவுத்தரே. அது எனக்குள்ள வேல அல்ல."

சரிதான். என் வாய் சொன்னதை என் வாய்தான் திருப்பி எடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்க் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். ஷெட் முடிந்து வந்தாள். மாம்பால் பட்டுக் கையெல்லாம் கறுத்துப்போயிருந்தது. இரண்டு பித்தளைக் கிண்ணம். கொத்திய மண்ணையும் கல்லையும் பார்த்துத் திகைத்து நின்றாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். குருசு நகர்ந்ததைச் சொன்னேன். அது அவளுக்குத் தெரிந்ததுதான். நான் அந்தக் குருசிலிருந்து அளந்தேன் என்று சொன்னேன். அதுதான் அவளுக்குத் தெரியாது. தோப்புக் கல்லைச் சொன்னேன். நான் சோம்பேறித்தனம் பண்ணியதையும் மறைக்கவில்லை.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அன்னிக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்களே" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"தப்பு என்னோடதுதான், அம்மணி."

"இன்னொருக்கா அளங்க, பாய். நான் புடிக்கறேன்."

பையிலிருந்து டேப்பை எடுத்தேன். நுனியை அவள் வாங்கிக்கொண்டாள். எங்கே பிடிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. மண்டி போட்டு, எண்ணெய்க் கல்லின் நட்டநடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். நான் டேப்பை இழுத்துக்கொண்டு கிழக்கே நடந்தேன். குருசைத் தாண்டினேன், வாசலைத் தாண்டினேன். கிளுவை வேர்க்கட்டை வந்தது. எண்ணும் அங்கே முடிந்தது. புலப்படத்தில் எழுதிய அதே எண். சுவருக்கு இன்னும் பதினோரு அடி இருந்தது.

"இங்கதான்" என்று சத்தமாகச் சொன்னேன்.

"வேலி இருந்த எடமுங்களா?"

"வேலி இருந்த எடம்தான். கிணறு, அடுக்களை எல்லாம் உங்க எடத்துக்குள்ளதான், அம்மணி. அன்னிக்கும் இன்னிக்கும்."

அவள் டேப்பை விடவில்லை. மண்டி போட்டபடியே இருந்தாள். நான் சுற்றிக்கொண்டே அவள் பக்கம் வந்தேன்.

"அப்ப அவரு திருடலீங்க" என்றாள்.

திருடவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"பள்ளி எடத்த வளச்சவன் பொண்டாட்டின்னு ஷெட்டுல சொன்னாங்க. புள்ளைகிட்டயும் சொன்னாங்க. நானும் நம்பிட்டனுங்க, பாய். செத்தவருகூட ரெண்டு வருஷமாச் சண்ட போட்டுட்டு இருந்தேன். ஏன் இப்படிப் பண்ணுனீங்கன்னு போட்டோவப் பாத்துக் கேட்டுட்டு இருந்தேன். சாமி எடத்த எடுத்த பாவம் புள்ள தலையில விடியக் கூடாதேன்னுதான் ரெண்டாவது கிண்ணம்."

அழுதாள். கொஞ்ச நேரம்தான். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு கிண்ணத்தை எடுத்து, திறந்து கிடந்த அந்தக் கல்லின் மேல், எப்போதும் ஊற்றுகிற மாதிரி ஊற்றினாள். கல் குடித்துக்கொண்டது. இன்னொரு கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். சிந்தாமல் அதை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"இது கொழம்புக்கு ஆவுமுங்க" என்று சொல்லிவிட்டு, ரோட்டைச் சுற்றி வீட்டுக்கு நடந்தாள்.